நீல முடிச்சு

பள்ளிக்கு வெள்ளை அங்கி.
அதன்மேல் உதிர்ந்தால் யாருக்கும் தெரியாது.
கழுத்தில் கட்டும் அந்தப் பெரிய நீல முடிச்சுதான்
காட்டிக்கொடுக்கிறது.

பைசாந்தூவில் பனி பெய்து
எங்கள் யாருக்கும் நினைவில்லை.
"ஹசிந்தாவுக்கு மட்டும் பெய்கிறது"
என்றானாம் பின்பெஞ்சுப் பையன்.
அவள் அதை அழாமல் சொன்னாள்.
முடிச்சை அவிழ்த்து
ஜன்னலுக்கு வெளியே உதறிக்கொண்டே சொன்னாள்.

எலுமிச்சை ஆயிற்று. எரிந்தது.
வினிகர் ஆயிற்று. வீடே ஊறுகாய்ப் பானை.
எதிர்வீட்டு நெலீதா சொன்ன சமையல் சோடா
ஒரு ஞாயிறோடு சரி.
நகத்தால் சுரண்டிச் சுரண்டிக்
காதோரம் ரத்தம் துளிர்த்த அன்றுதான்
டாக்டரிடம் போனோம்.

விளக்கடியில் வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தார்.
அழுக்கில்லை, யார் குற்றமுமில்லை,
எல்லார் தலையிலும் குடியிருக்கும் பூஞ்சைதான்,
இங்கே கொஞ்சம் சட்டமாய் உட்கார்ந்துவிட்டது என்றார்.
வாரம் இருமுறை. நான்கு வாரம்.
நுரை ஐந்து நிமிடம் தலையில் நிற்க வேண்டும்.
உடனே அலசினால்
மருந்தைச் சாக்கடைக்கு ஊட்டியதாகும்.

பாட்டில் விலைக்கு
ஒரு மோட்டார் சைக்கிள் செயின் வாங்கலாம்.
வாங்கிவிட்டோம்.
ஐந்து நிமிடத்தை எங்கே வாங்குவது?
யானீனாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவுப் பணி,
செவ்வாயும் வெள்ளியும் அது அவள் பஸ் ஏறும் நேரம்.
பெற்றவன் சால்த்தோவில் இருக்கிறான்;
இவர்களை எப்போதோ தலைமுழுகிவிட்டான்.
ஆக, நான்.

ஒர்க்ஷாப் கை.
துணிசோப்புப் பொடியில் மூன்று முறை தேய்த்தும்
நகக்கண்ணில் கிரீஸ்.
பதினான்கு மாதமாக ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம்,
அவள் தலையை நான் தொட்டதில்லை.
தொடலாமா என்று கேட்டேன்.
கொஞ்சம் யோசித்து,
"கண்ணில் படக்கூடாது" என்றாள்.

முதலில் ஆலிவ் எண்ணெய், செதில் ஊற அரைமணி.
பிறகு வெந்நீர். ஜூலைக் குளிர்.
நாற்காலியைத் தொட்டிப் பக்கம் திருப்பிப் போட்டு,
கழுத்துக்குத் துண்டு மடித்துக் கொடுத்து,
முதன்முதலாகக் கார்புரேட்டரைப் பிரித்த நாளின் பயத்தோடு
விரல் நுனியால்,
நகம் படாமல்.

முதல் ஐந்து நிமிடமும்
முட்டை வேகவைக்கும் கடிகாரத்தையே
இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
இரண்டாம் வாரம் கேட்டாள்:
உன் தலையிலும் பூஞ்சை இருக்கிறதா?
இருக்கிறது.
டீச்சர் தலையில்?
இருக்கிறது.
ஜனாதிபதி தலையில்?
நிச்சயமாக.
அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று.
மூன்றாம் வாரம்
அந்தப் பின்பெஞ்சுப் பையனின் பெயரைச் சொன்னாள்.
அவன் தலையில் எத்தனை பூஞ்சை என்று
சேர்ந்து எண்ண ஆரம்பித்தோம்.
மணி அடித்தது கேட்கவில்லை.
ஏழு நிமிடமாகிவிட்டது.

என் பெயர் எவர்.
இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஓர் எவர் மீதுதான் விழ வேண்டும்.
டீச்சர் கேட்டிருக்கிறார்:
முடிச்சு பளிச்சென்றிருக்கிறதே,
யார் தலைக்கு ஊற்றிவிடுகிறார்கள்?
"எவர்."
அவர் உனக்கு யார்?
"எவர்" என்றாளாம் மறுபடியும்,
காது மந்தமானவருக்குச் சொல்வதுபோல.

நான்கு வாரம் முடிந்தது.
பாட்டிலில் ஒரு விரற்கடை மிச்சம்.
அடியோடு போகாது, அவ்வப்போது எட்டிப்பார்க்கும்,
அதற்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றிருந்தார் டாக்டர்.

செவ்வாய். கடையைச் சாத்திவிட்டு வருகிறேன்.
நாற்காலி தொட்டிப் பக்கம் திரும்பியிருக்கிறது.
அவள் தோளில் துண்டு.
கொடியில் தொங்கும் முடிச்சைப் பார்த்தேன்,
ஒரு துகள் இல்லை.
"அரிக்கிறது" என்றாள்.
எங்கே?
கை எங்கெங்கோ போயிற்று,
காதுக்குப் பின், உச்சியில், புருவத்தில்கூட.

வெந்நீர் வைத்தேன்.